குப்பம்மாளா, சுப்பம்மாளா?

ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. பொட்டி தட்டுகிற வேலையில் இருப்பவன் வேலையைப் பற்றியே எழுதினால் யார் படிப்பார்கள் என்ற தயக்கம்தான் காரணம். போன தீபாவளிக்கு அம்மா கோவில்பட்டியிலிருந்து பெங்களூர் வந்திருந்தபோது நடந்த ஒரு சம்பவம் அந்தத் தயக்கத்தைப் போக்கிவிட்டது.

முன்கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா தமிழாசிரியர். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் குடும்பத்தின் கதையை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். யார் யாருக்குப் பிள்ளை, எந்தப் பஞ்சத்தில் எந்த ஊரைவிட்டுக் கிளம்பினோம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற முறை, கரிசல் காட்டில் எந்தத் துண்டு எப்போது கைமாறியது என்று எல்லாமே அதில் உண்டு. 2002-ல் அதை ஒரு டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து, இரண்டு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டார். கடைக்காரர் ஒரு ஃப்ளாப்பியும் கொடுத்தார். "நீ கம்ப்யூட்டர் ஆளு, நீயே பத்திரமா வச்சுக்கோ" என்று அப்பா அதை என்னிடம் தந்தார்.

நான் பத்திரமாக வைத்த லட்சணத்தைக் கேளுங்கள்.

2006-ல் ஃப்ளாப்பி எல்லாம் ஒழிந்துகொண்டிருந்த நேரம். கோப்பைத் திறந்தேன். அந்த ஃபான்ட் என்னிடம் இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். பழைய தமிழ் டைப்ரைட்டர் வரிசையில் செய்த ஃபான்ட் அது. அதில் "தமிழ்" என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். ஃபான்ட் இருந்தால் அது தமிழ், இல்லாவிட்டால் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி. சரி, பிறகு பார்த்துக்கொள்வோம், இப்போதைக்குச் சாதா உரைக் கோப்பாகச் சேமித்துவைப்போம் என்று, கேட்ட கேள்விக்கெல்லாம் "ஓகே" அழுத்திச் சேமித்தேன். ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போனது.

அப்பா 2012-ல் தவறிப்போனார். ஸ்பைரல் பிரதிகளில் ஒன்று எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது என்றே தெரியவில்லை. இன்னொன்று சென்னையில் தங்கை வீட்டில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த எல்லாவற்றோடும் அதுவும் போனது. நோட்டுப் புத்தகம் அதற்கு முன்பே கரையானுக்கு இரையாகியிருந்தது. ஆக, மிச்சம் இருந்தது என் கோப்பு மட்டும்தான்.

போன வருஷம் ஒருவழியாக உட்கார்ந்தேன். சுரதாவின் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்று நமக்குத் தெரிந்த மாற்றிகள் எதிலும் அந்த ஃபான்ட் இல்லை. நானே அட்டவணை போட்டு நிரல் எழுதினேன். முக்கால்வாசி வந்துவிட்டது. "மரம்" என்பது "மாம்" என்று வந்தது, ஏனென்றால் தட்டச்சு செய்தவர் ர-வுக்குப் பதில் கால் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார். பேப்பரில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே! அதையெல்லாம் சரி செய்துவிடலாம். சரி செய்ய முடியாத ஒன்றும் இருந்தது. அந்த ஃபான்டில் கு, சு, டு, து, மு போன்ற உகர எழுத்துகள் 128-க்கு மேலே உள்ள இடங்களில் இருந்திருக்கின்றன. 2006-ல் நான் அழுத்திய "ஓகே" அவை அத்தனையையும் கேள்விக்குறியாக மாற்றிவிட்டது. எல்லாம் ஒரே கேள்விக்குறி.

பெரும்பாலும் ஊகித்துவிடலாம். "??ம்பம்" என்றால் குடும்பம். "மா?" என்றால் மாடு. ஆனால் ஓரிடத்தில் அப்பா இப்படி எழுதியிருந்தார்: "?ப்பம்மாள் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். 1951-ல் அம்மையில் போனாள். இன்றைக்கும் மாவிளக்கு பார்த்தால் அவள் ஞாபகம்."

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்ததே எனக்குத் தெரியாது. அவள் பெயர் குப்பம்மாளா, சுப்பம்மாளா?

இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஏ.ஐ. இருக்கிறதே என்று ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். கொஞ்சமும் யோசிக்காமல் சுப்பம்மாள் என்றது. அதுதானே அதிகம் புழங்குகிற பெயர். நானும் அப்படியே போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். தீபாவளிக்கு வந்த அம்மாவிடம் சும்மா ஒரு வார்த்தை கேட்டேன்.

"குப்பம்மாதான்யா. அவளுக்கு முந்திப் பிறந்த மூணும் தங்கல. இதாவது நிக்கட்டும்னு குப்பையில கிடத்தி எடுத்து அந்தப் பேரை வச்சாங்களாம். எங்க அத்தை சொல்லிச் சொல்லி அழுவாங்க."

ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஒரு எழுத்தில் மூன்று குழந்தைகளின் சாவும், ஒரு தாயின் வேண்டுதலும், அந்த வேண்டுதலும் பலிக்காமல் போன கதையும் இருக்கிறது. சுப்பம்மாள் என்று போட்டிருந்தால் அத்தனையும் சுத்தமாக அழிந்திருக்கும். அழிந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். தப்பு யாருடையது? முதல் தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் 2002-ல் ஒரு டிடிபி கடை, உலகத்தில் வேறு எந்த ஃபான்டோடும் ஒத்துப்போகாத ஒரு ஃபான்டில் ஒரு குடும்பத்தின் கதையை அடித்துக் கொடுக்கும் நிலை ஏன் இருந்தது?

தகுதரமே இல்லாததால் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. ஆண்டுகளைப் பாருங்கள். இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீடு எண்பதுகளிலேயே வந்து, 1991-ல் இந்தியத் தர நிறுவனத்தின் தகுதரம் ஆனது. யூனிகோடின் முதல் பதிப்பும் 1991-ல்தான். அதில் தமிழும் உண்டு. 1997 வாக்கில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் சிலர் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கியை உருவாக்க ஆரம்பித்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. ஆக, அப்பா கடைக்குப் போன 2002-ல் தகுதரங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றுக்கு நாலாக இருந்தன!

தாளில் இருந்த தகுதரம் கடைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல். விண்டோஸில் தமிழ் யூனிகோடு விண்டோஸ் 2000-த்தில்தான் எட்டிப் பார்த்தது. எக்ஸ்பியில்கூட அதைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால் "சிடியைப் போடு" என்று கேட்கும். அந்த சிடி யாரிடம் இருந்தது? :-) டிடிபி கடைகளின் உயிர்நாடியான பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை யூனிகோடு தெரியாது. அதற்கு அடுத்து வந்த இன்டிசைனில் இந்திய மொழிகள் ஒழுங்காக வர 2012 ஆயிற்று. கணக்குப் போட்டால், குறியீடு வந்து அச்சுக்கூடம் வரை சேர இருபத்தோரு வருஷம். நிலாவுக்கு மனிதனை அனுப்புவோம் என்று சொன்னதிலிருந்து போய் இறங்கியதுவரை எட்டு வருஷம்தான்.

இங்கேதான் நண்பர்களோடு எனக்கு வாக்குவாதம் வருகிறது. "தகுதரக் கமிட்டிகள் எல்லாம் வெட்டி, பத்து வருஷம் பேசியே ஓட்டுவார்கள்" என்பது அவர்கள் கட்சி. நான் இருபது வருஷமாக ஆவணங்களைப் பிசைகிற வேலையில் இருக்கிறேன். என் கருத்து வேறு. பேசுவதற்கு நாள் பிடிப்பதில் தப்பே இல்லை. சில இடங்களில் நாம் போதுமான அளவு மெதுவாகப் போகவில்லை என்றுகூடச் சொல்வேன்.

யூனிகோடையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு அதில் கிடைத்த 128 இடங்களின் அமைப்பு 1988-ன் இஸ்கியைப் பின்பற்றியது. இஸ்கி எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டை தைத்தது. அதனால் தேவநாகரியில் ஓர் எழுத்து இருந்து தமிழில் இல்லாவிட்டால் அந்த இடம் காலி. ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ல, ள, ழ மூன்றும் வரிசையாக. நாம் பள்ளியில் படித்த வரிசை இது இல்லை. கணினி எண் வரிசைப்படியே அடுக்கினால் அகராதி தலைகீழாகும். அகர வரிசைப்படுத்த தனியாக ஒரு விதித் தொகுப்பு வேண்டும்.

இதை மாற்றக் கூடாதா? முடியாது. ஒருமுறை எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் அதை நகர்த்தவோ நீக்கவோ கூடாது என்பது யூனிகோடின் உறுதிமொழி. அதுவும் நியாயம்தான், நகர்த்தினால் ஏற்கெனவே எழுதிய எல்லா ஆவணமும் என் அப்பாவின் கோப்பு மாதிரி ஆகிவிடும். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று பல வருஷம் போராடி, 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில் தமிழக அரசு யூனிகோடை ஏற்று, டேஸ்16 என்பதையும் கூடவே ஒரு தகுதரமாக அறிவித்தது. அது பொதுப் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. வண்டி கிளம்பிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. 1988-ல் இன்னும் இரண்டு வருஷம் நிதானமாகப் பேசியிருந்தால், தமிழ் தெரிந்தவர்கள் கூடுதலாக நாலு பேர் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால், இந்தச் சண்டையே வந்திருக்காது என்பது என் எண்ணம்.

வேகமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் உதாரணம் நமக்கெல்லாம் ஓரளவு நினைவிருக்கும். அலுவலக ஆவணங்களுக்கான திறந்த வடிவமான ஓடிஎஃப், 2002 டிசம்பரில் கமிட்டியில் ஆரம்பித்து 2006-ல் ஐஎஸ்ஓ தகுதரம் ஆனது. உடனே மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் போட்டிக்கு வந்தது. 2006 டிசம்பரில் எக்மா என்ற அமைப்பு அதை ஏற்றது. ஏறக்குறைய ஆறாயிரம் பக்கம். அதை ஐஎஸ்ஓவில் விரைவுப் பாதையில் தள்ளினார்கள். ஆறாயிரம் பக்கத்தைச் சில மாதத்தில் யார் படிப்பது? அதில் சில இடங்களில் "வேர்டு 95 இடைவெளி விடுவது போல விடு" என்கிற ரீதியில் இருந்தது. வேர்டு 95 எப்படி விடும் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தானே தெரியும்!

இந்தியத் தர நிறுவனத்தின் கமிட்டியில் இது பெரிய ரகளையானது. பெங்களூரில் அப்போது டீக்கடைவரை இதுதான் பேச்சு என்றால் மிகை, ஆனால் எங்கள் அலுவலக கேன்டீன்வரை நிச்சயம் வந்தது. 2007-ல் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஐஎஸ்ஓ வாக்கெடுப்பிலும் அந்தமுறை தேறவில்லை. 2008 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐந்தே நாள் கூடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைப் பைசல் செய்தார்கள். அதன் பிறகும் இந்தியா "இல்லை" என்றது. மற்ற நாடுகள் பல மனம் மாற, அது தகுதரம் ஆகிவிட்டது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா நான்கும் மேல்முறையீடு செய்தன. தள்ளுபடி. 2008 நவம்பரில் வெளியானது. இன்றைக்கு நம் பிள்ளைகள் பள்ளி ப்ராஜெக்ட் முதல் நாம் அனுப்பும் பயோடேட்டாவரை எல்லாம் அந்த வடிவத்தில்தான்.

அப்போது நான் கொதித்தேன். இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அது அவசரத்தில் வந்த, அரைகுறை இடங்கள் உள்ள தகுதரம்தான். ஆனாலும், அச்சிட்டுப் பொதுவில் வைக்கப்பட்ட தகுதரம். அதனால்தான் லிப்ரேஆபீஸ் போன்ற இலவச மென்பொருள்களால் அந்தக் கோப்புகளை இன்று ஓரளவு ஒழுங்காகத் திறக்க முடிகிறது. நாளைக்கு அந்த நிறுவனமே இல்லாவிட்டாலும் அந்த ஆறாயிரம் பக்கத்தை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் ஒரு நிரல் எழுதிவிடலாம்.

என் அப்பாவின் ஃபான்டுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

இதுதான் நான் சொல்ல வருவது. தகுதரம் மெதுவாக வரட்டும், ஆனால் அது வரும்வரை ஜனங்கள் எழுதாமல் இருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள், உயில் எழுதுவார்கள், அப்பாக்கள் குடும்பக் கதை எழுதுவார்கள். அந்த இடைக்காலத்தைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்றுதான். தற்காலிகமானதாக இருந்தாலும் சரி, குறையுள்ளதாக இருந்தாலும் சரி, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை எல்லோருக்கும் தெரியும்படி வெளியில் இருக்க வேண்டும்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அவர்கள் யூனிகோடு பழக்கத்துக்கு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. திஸ்கியில் போட்டார்கள். திஸ்கி கச்சிதமானது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதன் அட்டவணை ஊரறிந்தது. யூனிகோடு வந்ததும் ஒரு மாற்றி நிரலில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அன்று அடித்த நூல்களை இன்று போனில் படிக்கிறோம். அதே காலத்தில், கடைக்கொரு ரகசியக் குறியீட்டில் அடித்து விற்ற ஃபான்டுகளில் எழுதியவை எத்தனை ஆயிரம் வீடுகளில் சிடிகளாகத் தூங்குகின்றனவோ!

இது தமிழுக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பழைய நுடியில் அடித்த அவருடைய கட்டுரைகளை என்னிடம் கொண்டு வந்தார். அதே கதை, அதே பூனை நடந்த திரை. கர்நாடக அரசுக்காகச் செய்யப்பட்டு, பரவலாகப் பயன்பட்டது என்பதால் நுடிக்கு மாற்றிகள் கிடைத்தன. ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. காவிரியில் என்ன தகராறு இருந்தாலும் கேள்விக்குறி விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று சிரித்துக்கொண்டோம். அவர் மனைவி ஒப்பட்டு கொடுத்தனுப்பினார்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற நமக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பெரியம்மா, ஒரு சித்தப்பா எதிர்வீட்டில் இருப்பார். நமக்கு இருப்பது கோப்புகள்தான். என் மகள் பெங்களூரில் பிறந்தவள். கன்னடம் சரளம், தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளுக்குத் தாத்தாவின் ஊர் என்பது அந்தக் கோப்பில் இருக்கிற ஊர்தான்.

ஆகவே, கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரக்கடைசியில் பரணில் ஏறிப் பழைய சிடிகளை இறக்குங்கள். கோப்பைத் திறந்ததும் எதையும் சேமிக்காதீர்கள். முதலில் அப்படியே இரண்டு நகல் எடுங்கள். அது என்ன ஃபான்ட் என்று குறித்துவையுங்கள், ஃபான்ட் கோப்பு கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அச்சுப்பிரதி இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றி, ஒரு சாதா உரைக் கோப்பாகவும் ஒரு பிடிஎஃப்பாகவும் வையுங்கள். பழைய ஃபான்டில் செய்த பிடிஎஃப் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான்.

முக்கியமாக, இதைச் செய்யும்போது அம்மாவையோ பாட்டியையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேள்விக்குறி இருந்த இடத்தில் பதில் சொல்ல அம்மா இருந்தார். இன்னும் பத்து வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் ஏ.ஐ. சொன்ன பெயரைத்தான் அச்சடித்திருப்பேன்.

அப்பாவின் கதை இப்போது 96 பக்கம், சுத்தமான யூனிகோடில். பொங்கலுக்கு அம்மாவிடம் அச்சடித்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேராக அந்தப் பக்கத்தைத் தேடித் திருப்பி, விரலை வைத்துப் படித்துப் பார்த்துக்கொண்டார். குப்பம்மாள் என்றுதான் இருந்தது.